கோர்டன் ஆற்றுப் படகுப் பயணம்: காட்சி நிறைவு, கதை குறைவு

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் உள்ள ஸ்ட்ரான் என்னும் சிறு துறைமுக ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு, மக்குவாரி துறைமுகம் என்னும் விரிந்த கடற்கழியைக் கடந்து, கோர்டன் ஆற்றுக்குள் சில மைல் தூரம் சென்று, பிற்பகலில் கரை திரும்பும் படகுப் பயணத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. மழைக்காட்டையும் அமைதியான நீரையும் பார்ப்பதற்காக மட்டும் போகிறவருக்கு இது கொடுத்த பணத்துக்கு ஈடான சேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த ஆறு இன்றைக்கு ஆறாகவே ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் பாப் பிரவுன் என்ற அரசியல்வாதி. அவருடைய பொதுவாழ்வு முழுவதும் இந்த நீரில் தொடங்கியதுதான். அந்த வரலாற்றை நாடிப் போகிறவர் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படகேறுவது நல்லது, ஏனெனில் நான் சென்ற படகில் அது அரைகுறையாகத்தான் சொல்லப்பட்டது. ஸ்ட்ரானில் இச்சேவையை நடத்துவோர் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். நான் எவரோடு சென்றேன் என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை.

முதலில் சேவையைப் பற்றி. படகு நேரே ஆற்றுக்குப் போவதில்லை. கடலை நோக்கித்தான் புறப்படுகிறது. மக்குவாரி துறைமுகம் சிட்னி துறைமுகத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது, ஆனால் அது பெருங்கடலோடு சேரும் ஹெல்ஸ் கேட்ஸ் என்ற வாய் மிகக் குறுகலானது. வானிலை ஒத்துழைத்தால் படகோட்டி அந்த வாயைத் தாண்டி வெளிக்கடலைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்புகிறார். பிறகு வட்ட வட்டமாக மிதக்கும் சால்மன் மீன் கூண்டுகளைக் கடந்து, சாரா தீவைப் பக்கவாட்டில் விட்டு, ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்ததும் வேகம் குறைந்து இயந்திர ஒலி ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. மேட்டுப் புல்வெளிகளின் தாவரச் சாறு ஊறி வருவதால் நீர் வடிகட்டிய தேநீரின் நிறத்தில் இருக்கிறது. காற்றில்லாத காலை வேளையில் இரு கரையின் காடும் அதில் தலைகீழாக, இம்மியும் பிசகாமல் விழுகிறது. ஹெரிட்டேஜ் லேண்டிங் என்னும் இறங்குதுறையில் இறக்கிவிட்டு, பலகை நடைபாதை வழியாகக் காட்டுக்குள் நடக்க நேரம் தருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பருத்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஹுவான் பைன் மரங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். எண்ணெய்ப் பசை மிகுந்த அம்மரம் உளுப்பதில்லை. அதை வெட்டவும் கப்பல் கட்டவும் 1822 முதல் 1833 வரை சாரா தீவில் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். திரும்பும் வழியில் அந்தத் தீவில் இறங்கியபோது எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி, இடிந்த சுவர்களை வைத்துக்கொண்டு ஒரு சிறைக்குடியிருப்பின் அன்றாட வாழ்வையே கண்முன் நிறுத்தினார். அவருடைய பேச்சுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

குறை என்று சொல்லவேண்டியது ஆற்றின் அண்மைக்கால வரலாற்றைக் கையாண்ட விதம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கைதிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி நடையை ஒதுக்கியவர்கள், நாற்பது ஆண்டுக்கு முன் இதே ஆற்றில் நடந்த போராட்டத்தை ஒலிபெருக்கியில் சில நிமிடங்களில் கடந்துவிட்டார்கள். அணை கட்டத் திட்டம் இருந்தது, மக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது, அணை கைவிடப்பட்டது என்ற அளவில், யார் செய்தார் என்று எவரையும் சுட்டாமல் அந்த விளக்கம் முடிந்தது. அடுத்த இருக்கையில் இருந்த இளைஞர் ஒருவர் அணை ஏன் கைவிடப்பட்டது என்று தன் துணையைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கான விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டாஸ்மேனியாவில் நீர்மின் ஆணையம் என்பது வெறும் அரசுத் துறையாக இருந்ததில்லை. மலிவான மின்சாரத்தைக் காட்டித் தொழிற்சாலைகளை ஈர்ப்பதே மாநிலத்தின் வளர்ச்சிக் கொள்கையாக இருந்த காலத்தில், எந்த ஆற்றில் அடுத்த அணை என்பதை அந்த ஆணையமே தீர்மானித்தது. ஆளுங்கட்சி எதுவானாலும் ஒப்புதல் கிடைத்துவிடும். 1972-இல் தென்மேற்கில் இருந்த பெடர் ஏரி அப்படித்தான் எதிர்ப்பையும் மீறி நீரில் மூழ்கியது. அந்த எதிர்ப்பிலிருந்து அதே ஆண்டு உருவான ஒன்றுபட்ட டாஸ்மேனியக் குழுவைத்தான் உலகின் முதல் பசுமைக் கட்சி என்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் பிறந்து சிட்னியில் மருத்துவம் படித்த பாப் பிரவுன், லான்செஸ்டனில் மருத்துவராகப் பணியாற்ற டாஸ்மேனியாவுக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். 1976-இல் அவர் வனவியலாளரான நண்பர் ஒருவருடன் சிறிய மிதவைகளில் கோர்டனின் துணையாறான ஃபிராங்க்ளினை முழுவதும் கடந்து கோர்டன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு, லிஃபி பள்ளத்தாக்கில் இருந்த அவருடைய வீட்டில் கூடியவர்கள் டாஸ்மேனிய வனாந்தரச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அவர் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அச்சங்கத்தின் இயக்குநரானார்.

1979-இல் நீர்மின் ஆணையம், ஃபிராங்க்ளின் வந்து சேரும் இடத்துக்குக் கீழே கோர்டன் ஆற்றை மறித்து அணை கட்டப் பரிந்துரைத்தது. தொழிற்கட்சி முதல்வர் டக் லோ, ஃபிராங்க்ளினைத் தவிர்த்துச் சற்று மேலே கட்டலாம் என்று ஒரு மாற்றைச் சொன்னார். மேலவை அதை ஏற்கவில்லை. முட்டுக்கட்டையைத் தீர்க்க 1981 டிசம்பரில் நடத்தப்பட்ட பொதுவாக்கெடுப்பில் இரண்டு அணைகளில் எது வேண்டும் என்று மட்டுமே கேட்டார்கள். அணையே வேண்டாம் என்பதற்கு வாக்குச்சீட்டில் இடமில்லை. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 'அணை வேண்டாம்' என்று சீட்டில் கையால் எழுதிவிட்டு வந்தார்கள். ஒரு தேர்தல் ஆணையத்துக்கு அது செல்லாத வாக்கு. ஓர் அரசியல்வாதிக்கு அதைவிடத் தெளிவான ஆதரவாளர் கணக்கு கிடைக்காது.

1982 மே மாதத் தேர்தலில் அணையை ஆதரித்த ராபின் கிரேயின் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று, பாரிஸில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு தென்மேற்கு டாஸ்மேனியாவைப் பட்டியலில் சேர்த்த அதே நாளில், கோர்டன் ஆற்றில் மறியல் தொடங்கியது. ரப்பர் படகுகளில் வந்து இயந்திரங்களுக்கு முன் நின்ற 1,200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆற்றுப் பகுதிக்குத் திரும்ப மாட்டேன் என்ற ஜாமீன் நிபந்தனையை மறுத்தவர்கள் ஹோபார்ட்டின் ரிஸ்டன் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிரவுன் 19 நாள் சிறையில் இருந்தார். விடுதலையான மறுநாள் சட்டமன்ற உறுப்பினரானார். இது திரைக்கதை போலத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் இருப்பது டாஸ்மேனியத் தேர்தல் முறையின் ஒரு விதி. டெனிசன் தொகுதி உறுப்பினர் நார்ம் சாண்டர்ஸ் பதவி விலகியபோது, இடைத்தேர்தல் நடத்தாமல் முந்தைய தேர்தலின் வாக்குச்சீட்டுகளையே மறுபடி எண்ணி அடுத்தவரைத் தேர்ந்தார்கள். மே மாதம் அங்கே சுயேச்சையாக நின்று தோற்றிருந்த பிரவுனுக்கு அந்த இடம் கிடைத்தது. 1983 மார்ச்சில் பாப் ஹாக் தலைமையில் அமைந்த மத்திய அரசு அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஜூலை 1 அன்று நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் ஹெரிட்டேஜ் லேண்டிங்குக்கு மேலே ஒரு கான்கிரீட் சுவர் நின்றிருக்கும்.

இவ்வளவையும் படகில் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். சொல்லலாம், ஆறு மணி நேரப் பயணத்தில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. நிறுவனம் ஒதுங்கிப் போவதற்கான காரணமும் எனக்குப் புரிகிறது. மறியல் நடந்த மாதங்களில் ஸ்ட்ரானும் பக்கத்து சுரங்க ஊரான குயின்ஸ்டவுனும் போராட்டக்காரர்களை வெறுத்தன. அணை வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அவர்கள் வெளியூரிலிருந்து வந்து பிழைப்பைக் கெடுப்பவர்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். சிலர் படகிலேயே வேலை செய்யவும் கூடும். ஆயினும் போராட்டக்காரர்களை ஸ்ட்ரானிலிருந்து ஆற்றுக்குள் ஏற்றிச் சென்றது உள்ளூர் சுற்றுலாப் படகு ஒன்றுதான். அதாவது, இந்தத் தொழிலே அந்தப் போராட்டத்தில் ஒரு பங்கு வகித்திருக்கிறது. தன் தொழிலின் பெருமைக்குரிய அத்தியாயத்தைச் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை என்ன சொல்வது?

மறியல் நடந்த வார்னர்ஸ் லேண்டிங் வரைக்கும் படகு போகும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சுற்றுலாப் படகுகள் எழுப்பிய அலைகளாலேயே ஆற்றின் கரைகள் அரிக்கப்பட்டதால் படகுகளின் வேகத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இப்போது ஹெரிட்டேஜ் லேண்டிங்கோடு திரும்பிவிடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை, இருக்க வேண்டிய கட்டுப்பாடுதான். இது முற்றிலும் கன்னி ஆறு என்ற தோரணையில் படகில் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் 1974-இல் கட்டி முடித்த 140 மீட்டர் உயர அணை இருக்கிறது. ஆற்றின் நீரோட்டம் அங்குள்ள மின்நிலையம் எவ்வளவு நீரை விடுகிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. இதே துறைமுகத்தில் வந்து கலக்கும் கிங் ஆற்றில், குயின்ஸ்டவுன் செப்புச் சுரங்கம் 1994 வரை ஏறத்தாழ 10 கோடி டன் கழிவுமண்ணைக் கொட்டியது. காப்பாற்றப்பட்ட ஆற்றின் அருமை, கைவிடப்பட்ட ஆற்றைப் பற்றியும் சொன்னால்தான் பயணிக்கு விளங்கும்.

பிரவுனின் பிற்கால வாழ்க்கையைப் படகில் எவரும் சொல்லப் போவதில்லை; அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர் அதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு, ஏனெனில் இந்த மாதிரி அரசியலின் பலமும் எல்லையும் அதில் தெரிகின்றன. சட்டமன்றத்தில் சுயேச்சையாக இருந்தபோது அவர் காடுகளைக் காப்பதோடு நின்றுவிடவில்லை. 1987-இல் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தக் கோரினார், இரண்டு பெரிய கட்சிகளும் அதைத் தோற்கடித்தன. போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. 1989-இல் ஐந்து பசுமைச் சுயேச்சைகள் வென்று, தொழிற்கட்சி சிறுபான்மை ஆட்சிக்கு ஆதரவு கொடுத்தார்கள். அந்த ஆண்டே உலகப் பாரம்பரியப் பகுதி பெருமளவு விரிவடைந்தது, ஆனால் மரச்சில்லு ஏற்றுமதி விவகாரத்தில் உடன்பாடு விரைவில் முறிந்தது. 1996-இல் செனட்டுக்குப் போனார், தன் பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு மத்திய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் உறுப்பினராகவும் ஆனார். 2010-இல் ஜூலியா கில்லார்டின் சிறுபான்மை அரசுக்குத் தன் பசுமைக் கட்சியின் ஆதரவைக் கொடுத்து, கரியமில வாயு வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் சட்டத்தைப் பெற்றார். 2012-இல் பதவியைவிட்டு விலகினார், 2014-இல் அடுத்த அரசு அச்சட்டத்தை நீக்கியது. 1990-இல் கிடைத்த கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசுத் தொகையை முன்பணமாக வைத்து லிஃபியில் காட்டு நிலம் வாங்கியதிலிருந்து வளர்ந்த பாதுகாப்பு அமைப்பு இன்றும் இயங்குகிறது. தன் சொந்த வீட்டையும் நிலத்தையும் அவர் 2011-இல் அதற்கே கொடுத்துவிட்டார். என் கணிப்பில், அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைவிட அவர் வாங்கிய நிலமும் தடுத்த அணையும்தான் நிலைத்திருக்கின்றன.

தோல்விகளும் கற்றுக்கொள்ள வேண்டியவைதான். 2019 தேர்தலுக்கு முன் அதானி நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து ஹோபார்ட்டிலிருந்து குயின்ஸ்லாந்தின் கிளெர்மான்ட் வரை கார் அணிவகுப்பு ஒன்றை அவர் நடத்திச் சென்றார். அங்குள்ள சுரங்க ஊர்கள் அவரைக் கோபத்தோடு எதிர்கொண்டன. அந்த மாநிலத்தில் தொழிற்கட்சி அடைந்த பின்னடைவுக்கு அந்த அணிவகுப்பும் ஒரு காரணம் என்று அக்கட்சியினர் பலர் இன்றும் சொல்கிறார்கள். 1982-இல் ஸ்ட்ரானுக்கும் அவர் வெளியூர்க்காரர்தான். வேறுபாடு, அப்போது அவர் அந்த ஆற்றில் இறங்கிக் கடந்திருந்தார், அதே தீவில் வாழ்ந்தார், அங்கேயே தேர்தலில் நின்றார். வெறுத்தவர்களுக்கும் சொந்த மாநிலத்து அரசியல்வாதியாகவே இருந்தார். 2019-இலேயே டாஸ்மேனியாவின் வடமேற்கில் ராபின்ஸ் தீவுக் காற்றாலைத் திட்டத்தை, பறவைகளுக்கு ஆபத்து என்று அவர் எதிர்த்தபோது, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஆதரிப்போரே முகம் சுளித்தார்கள். ஓர் இடத்தின் மீதான பற்று, புவி முழுவதற்குமான கணக்கோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. நீர்மின்சாரம் கரியற்றது என்று அணையின் பழைய ஆதரவாளர்கள் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். அதற்குப் பசுமைக் கட்சியினர் தரும் விடை எனக்கு முழு நிறைவைத் தந்ததில்லை. ஆற்றைப் பார்த்தபின் அணை வந்திருக்கலாம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இனி மீன் கூண்டுகள். படகு அவற்றின் அருகே வேகம் குறைத்து, எத்தனை பேருக்கு வேலை தருகிறது, மீன் எப்படி வளர்கிறது என்றெல்லாம் நன்றாகவே விளக்குகிறார்கள். இந்தத் துறைமுகத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும் மோஜியன் ஸ்கேட் என்ற திருக்கை வகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆழ்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துபோனதால் அந்த மீன் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதற்குச் சால்மன் வளர்ப்பு ஒரு முக்கியக் காரணம் என்று அறிவியலாளர்கள் சுட்டுகிறார்கள். 2025 மார்ச்சில் அத்தொழிலைப் பாதுகாக்க மத்திய நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருத்தியது. பிரவுன் பெயரில் இயங்கும் அறக்கட்டளை அதை எதிர்த்தோரில் ஒன்று. ஆக, மக்குவாரி துறைமுகத்தில் 1982-இன் போராட்டம் வேறு உருவில் நடந்துகொண்டிருக்க, நாம் அதன் நடுவே மிதந்துகொண்டு, மதிய உணவு மேசையில் அடுக்கிய புகையூட்டிய சால்மன் துண்டுகளை எடுத்துக்கொள்கிறோம். சுவையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உணவைப் பற்றி மேலும் சொல்வதானால், சைவர்களுக்கு ரொட்டி, காய்கறிக் கலவை, பாலாடைக்கட்டி, பழம் கிடைக்கும். பசியாறலாம், விருந்து என்று எண்ண வேண்டாம். குழந்தைகளுக்குக் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. மேல்தள இருக்கைக்குக் கட்டணம் கணிசமாகக் கூடுதல். பெரும்பாலான நேரம் எல்லோரும் வெளித்தளத்தில்தான் நிற்கிறார்கள் என்பதால், கீழ்த்தளத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தாலே போதும். மேற்குக் கரையில் கோடையிலும் மழை பெய்யும். குளிர்காற்றைத் தாங்கும் மேலாடை கட்டாயம்.

படகில் ஃபிராங்க்ளின் ஆற்றைக் காண முடியாது. அதை முழுவதும் காண, வழிகாட்டியோடு ஒரு வாரத்துக்கு மேல் மிதவையில் போகவேண்டும், அது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஆனால் ஹோபார்ட்டிலிருந்து ஸ்ட்ரானுக்கு வரும் லையல் நெடுஞ்சாலை அந்த ஆற்றைக் கடக்கிறது. பாலத்தருகே காரை நிறுத்திச் சிறு நடைபாதையில் இறங்கினால் ஆற்றோரத்திலேயே நிற்கலாம். சற்று மேற்கே டோனகிஸ் குன்று என்ற காட்சிமுனையிலிருந்து அதன் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும், போய்வர முக்கால் மணி நேரம் போதும். ஹோபார்ட்டிலிருந்து ஸ்ட்ரான் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். குயின்ஸ்டவுனை நெருங்கும்போது சாலை ஓயாமல் வளைகிறது, மாலை மங்கியபின் விலங்குகள் குறுக்கே வரும். ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்ப முயலாமல், முந்தைய நாள் பகலிலேயே இந்த இரண்டு இடங்களிலும் இறங்கிப் பார்த்துவிட்டு, இரவு ஸ்ட்ரானில் தங்கிக் காலையில் படகேறுவதே சரியான திட்டம்.